இரைச்சலால் போன கேட்கும் திறனை மருந்து மீட்குமா? இதுவரை தெரிந்தவை

"காது கேளாமைக்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு செய்திகளில் அடிக்கடி வருகிறது. ஓரிரு வருடம் கழித்து அதே மருந்து பரிசோதனையில் தோற்றுவிட்டது என்று நான்கு வரி வரும். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நடுவில், பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சையால் காது கேட்டது என்ற செய்தி வேறு. ஆலைச் சத்தத்திலோ ஹெட்ஃபோன் சத்தத்திலோ காது மந்தமான ஒருவர் இதையெல்லாம் சேர்த்துப் படித்தால், தனக்கும் எங்கோ ஒரு மாத்திரையோ ஊசியோ இருக்கிறது, டாக்டர்தான் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைப்பது இயல்பு.

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இரைச்சலால் வரும் நிரந்தரக் கேட்கும் திறன் இழப்பைத் தடுக்க அல்லது மீட்க என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இல்லை. அதற்காக எதுவுமே செய்ய முடியாது என்று கைவிரிப்பதும் தவறு. சத்தம் தாக்கிய முதல் சில நாட்களில் டாக்டர்கள் ஸ்டீராய்டு தருகிறார்கள். அந்த நாட்கள் கடந்துவிட்டால் அதே மருந்தால் பயன் மிகக் குறைவு. காதைப் பொறுத்தவரை எந்த மருந்து என்பதைவிட எப்போது என்ற கேள்விதான் முந்தி நிற்கிறது. அது ஏன் என்று புரிய, சத்தம் காதுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

உட்காதில் இருப்பவை

ஒலி அதிர்வு செவிப்பறையையும் நடுக்காதின் மூன்று சிறு எலும்புகளையும் கடந்து காக்ளியா என்னும் உட்காதுப் பகுதிக்குள் போகிறது. நத்தைக் கூட்டு வடிவில் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுருண்ட, திரவம் நிரம்பிய குழாய் அது. மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. அதன் நீளம் முழுக்க வரிசையாக மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு மொத்தமே சுமார் 15,000 செல்கள். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறிய கையிருப்பு என்று தெரியும். அதிலும் இரண்டு வகை:

1. வெளி மயிரிழைச் செல்கள், சுமார் 12,000. மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுப்பது இவற்றின் வேலை. இவை அழிந்தால் மெதுவான பேச்சு காதில் விழாது.

2. உள் மயிரிழைச் செல்கள், சுமார் 3,500. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புபவை இவை. ஒவ்வொரு செல்லோடும் பல நரம்பிழைகள் சினாப்ஸ் எனப்படும் நுண்ணிய இணைப்புகளால் சேர்ந்திருக்கின்றன.

பிறக்கும்போது இருக்கும் இந்தச் செல்கள்தான் கடைசிவரைக்கும். செத்துப்போனால் மனிதக் காது புதிதாக உண்டாக்கிக்கொள்வதில்லை. பறவைகள் உண்டாக்கிக்கொள்கின்றன. கோழிக்குஞ்சுகளின் காதை இரைச்சலால் சேதப்படுத்தினால் சில வாரங்களில் புதுச் செல்கள் முளைக்கின்றன என்று 1980-களின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் கண்டார்கள். பாலூட்டிகளின் காதிலும் அதைத் தூண்டிவிட முடியுமா என்ற தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்குப் பிறகு வருவோம்.

காக்ளியாவின் அடிப்பகுதி உயர்ந்த சுருதிகளையும் உச்சிப்பகுதி தாழ்ந்த சுருதிகளையும் வாங்குகிறது. இரைச்சல் பெரும்பாலும் முதலில் பதம்பார்ப்பது 4,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கான இடத்தை. காரணம் இரண்டு. நம் காதுத் துளையின் நீளமும் வடிவமும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே பெருக்கிவிடுகின்றன. அப்புறம், பலத்த ஒலி செய்யும் சேதம் அதன் சொந்தச் சுருதிக்கான இடத்தில் விழாமல் அரை ஆக்டேவ் மேலே தள்ளி விழுகிறது (ஹெர்ட்ஸ் இரட்டிப்பானால் ஒரு ஆக்டேவ்). இரண்டும் சேர்ந்தால் 4,000. கேட்கும் திறனைப் பதிவு செய்யும் வரைபடமான ஆடியோகிராமில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி வேலை எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

அந்தப் பள்ளம் அகலமாக ஆக, உயிரெழுத்துகள் கேட்டுக்கொண்டே இருக்கும். மெய்யெழுத்துகள் நழுவத் தொடங்கும். பத்து, சத்து, கத்து மூன்றும் குழம்பும். "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று இவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். பக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வது பெரிய அநியாயம்.

எவ்வளவு சத்தம் ஆபத்து

டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் என்றால் நாளைக்கு 8 மணி நேரம்தான் எல்லை. 88 என்றால் 4 மணி நேரம். 94 என்றால் 1 மணி நேரம். 100 என்றால் 15 நிமிடம். 12 முதல் 35 வயது வரையுள்ளவர்களில் நூறு கோடிப் பேருக்கு மேல், சத்தமாகப் பாட்டுக் கேட்பது போன்ற பழக்கங்களாலேயே ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

வெடிச்சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் தனி ரகம். பலத்த ஒலி வந்தால் நடுக்காதின் சிறு தசை இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் துப்பாக்கிச் சத்தம் உள்ளே போய் முடிந்துவிடும்.

சேதம் நடக்கும் வரிசை

மருந்து ஆராய்ச்சியின் ஆதாரமே இந்தப் பகுதிதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம். சத்தம் நின்ற நொடியில் சேதம் நின்றுவிடுவதில்லை.

1. முதலில் நேரடி அடி. மயிரிழைகளின் நுனிகளைப் பிணைக்கும் மெல்லிய இழைகள் அறுகின்றன, மயிரிழைகள் சாய்கின்றன. மிகப் பலத்த வெடிச்சத்தம் என்றால் செல்கள் இருந்த இடத்திலிருந்தே பிய்ந்து போகலாம். பிய்ந்துபோன செல்லை எந்த மாத்திரையும் ஒட்டவைக்காது. நுனி இழைகள் மட்டும் ஓரிரு நாளில் மறுபடி உருவாவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

2. அதே நேரத்தில் உள் மயிரிழைச் செல்கள் அளவுக்கு மீறிக் குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. எதிரே இருக்கும் நரம்பு முனைகள் அதைத் தாங்காமல் வீங்குகின்றன. சில சினாப்ஸ்கள் அறுந்தே போகின்றன.

3. ஓய்வில்லாமல் உழைத்த செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள், சுற்றியிருப்பதையெல்லாம் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல் மூலக்கூறுகளைக் கக்குகின்றன. காக்ளியாவுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. செல்களுக்குள் கால்சியம் ஏறுகிறது. அழற்சி சேர்ந்துகொள்கிறது.

4. இந்த அழுத்தத்தில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிரலைத் தொடங்குகிறது. கினிப் பன்றிகளில் செய்த ஆய்வுகளில், ஃப்ரீ ராடிக்கல்களின் தாக்குதல் சத்தம் நின்று ஒரு வாரம், பத்து நாள் வரைகூட நீடித்தது. செல்சாவும் அதற்கேற்பத் தொடர்ந்தது.

5. மயிரிழைச் செல்களைச் சுற்றி நின்று தாங்கிப் பிடிப்பவை தாங்குசெல்கள். செத்த செல்லின் இடத்தைப் பக்கத்துத் தாங்குசெல்கள் மூடி நிரப்புகின்றன. அதோடு கதவு சாத்தப்பட்டது போலத்தான். நரம்பிழைகள் அதற்குப் பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கின்றன.

முதல் கட்டம் நொடிகளில் முடிகிறது. மூன்றும் நான்கும் நாள்கணக்கில் நடக்கின்றன. மருந்து குறுக்கே புகுவதற்கு இயற்கை விட்டிருக்கும் இடைவெளி அதுதான். இந்தத் துறையின் நம்பிக்கை முழுவதும் அந்த நாட்களின்மேல் நிற்கிறது.

பலத்த கச்சேரிக்குப் பிறகு காது அடைத்து, "ஙொய்" என்று இரைந்து, மறுநாள் சரியாகிவிடும் அனுபவம் பலருக்கும் உண்டு. இதைத் தற்காலிகக் கேட்கும் திறன் இழப்பு என்கிறார்கள். சரியாகிவிட்டது, அப்புறம் என்ன என்று நெடுங்காலம் மருத்துவ உலகமும் நினைத்தது. 2009-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளில் காட்டியது அந்த நிம்மதியைக் குலைத்தது. இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் கேட்கும் அளவு பழைய நிலைக்கே திரும்பியிருந்தது, மயிரிழைச் செல்கள் அத்தனையும் இருந்தன. ஆனால் காக்ளியாவின் உயர்சுருதிப் பகுதியில் சினாப்ஸ்களில் பாதிவரை காணாமல் போயிருந்தன. அமைதியான அறையில் செய்யும் ஆடியோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. கூட்டத்தில் பேச்சு புரியாமல் தடுமாறும்போதுதான் வெளிப்படக்கூடும். மறைந்திருக்கும் கேட்கும் திறன் இழப்பு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

சத்தத்துக்கு முன்பே கொடுக்கும் மருந்துகள்

ஃப்ரீ ராடிக்கல்தான் எதிரி என்றால் அதைத் தணிக்கும் ஆன்டிஆக்ஸிடன்டை முன்கூட்டியே கொடுக்கலாமே என்பது முதல் யோசனை. ராணுவங்களுக்கு இதில் ஆர்வம் அதிகம், ஏனென்றால் துப்பாக்கிப் பயிற்சி எந்தத் தேதியில் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

மெக்னீசியம். இஸ்ரேலில் அடிப்படைப் பயிற்சியில் இருந்த 300 இளம் வீரர்களிடம் நடத்திய சோதனை 1994-ல் வெளியானது. தினமும் கூடுதலாக 167 மில்லிகிராம் மெக்னீசியம் குடித்தவர்களுக்கு, வெற்றுப்பானம் குடித்தவர்களைவிட நிரந்தர இழப்பு குறைவாக இருந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் இத்தனை வருடத்தில் அது வழக்கமான மருத்துவமாக மாறவில்லை. வைட்டமின் ஏ, சி, ஈ-யோடு மெக்னீசியத்தைச் சேர்த்த கலவை விலங்குகளில் நன்றாக வேலை செய்தது; இசை கேட்க வைத்து மனிதரில் சோதித்தபோது தற்காலிக இழப்பைக் குறைக்கவில்லை.

என்-அசிட்டைல்சிஸ்டீன். சளியை இளக்கவும், பாராசிட்டமால் அளவு மீறியவர்களுக்கு மாற்று மருந்தாகவும் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளது. உடலின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான குளூட்டாதயோனை உருவாக்க மூலப்பொருளாகிறது. அமெரிக்க மரீன் படைப் பயிற்சியாளர்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. முன்கூட்டியே தீர்மானித்திருந்த முக்கிய அளவுகோல்களில், மருந்து எடுத்தவர்களுக்கும் பிளாசிபோ எனப்படும் போலி மருந்து எடுத்தவர்களுக்கும் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை.

எப்செலன். குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற என்சைமின் வேலையைத் தானே செய்யும் மூலக்கூறு. இதன் சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தத் துறையின் வெற்றியும் சிக்கலும் ஒரே இடத்தில் தெரியும். 18 முதல் 31 வயது வரையுள்ள 83 ஆரோக்கியமான இளைஞர்கள். மூன்று வெவ்வேறு அளவுகளில் எப்செலன், அல்லது பிளாசிபோ, நாளுக்கு இரண்டு வேளை, 4 நாட்கள். இடையில் ஒரு நாள், அளந்து வைத்த சத்தத்தில் 4 மணி நேரம் காதுக்குள் இசை. 2017-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது: பிளாசிபோ எடுத்தவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸில் சராசரியாக 4.07 டெசிபல் தற்காலிக இழப்பு. 400 மில்லிகிராம் எப்செலன் எடுத்தவர்களுக்கு 1.32 டெசிபல். மற்ற இரண்டு அளவுகளிலும் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை.

இழப்பு 68 சதவீதம் குறைந்தது என்று இதைச் செய்தியாக்கலாம், கணக்கு சரிதான். ஆனால் வேறுபாடு 2.75 டெசிபல். மருத்துவமனையில் செய்யும் ஆடியோகிராமின் ஒரு படி 5 டெசிபல். ஒரே ஆளுக்கு இன்றும் நாளையும் எடுத்தாலே 5 டெசிபல் ஏறி இறங்கும். ஐந்து கிலோ எடைக்கல்லை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டே முக்கால் கிலோ வித்தியாசத்தைத் தேடும் வேலை இது. ஆய்வில் சராசரி எடுப்பதால் கண்டுபிடிக்க முடிகிறது; தனி மனிதருக்கு அதன் பயன் என்ன என்று சொல்வது கடினம். தற்காலிக இழப்பைக் குறைத்த மருந்து, பல வருட இரைச்சலில் வரும் நிரந்தர இழப்பையும் தடுக்குமா என்பது அடுத்த கேள்வி. அதைச் சோதிக்க ஆட்களை வேண்டுமென்றே நிரந்தரச் சேதத்துக்கு ஆளாக்க முடியாது. ஆளாக்கவும் கூடாது.

சத்தம் தாக்கிய பிறகு, முதல் நாட்களில்

இங்கேதான் ஸ்டீராய்டு வருகிறது. பிரட்னிசலோன், மெத்தில்பிரட்னிசலோன், டெக்சாமெத்தசோன் ஆகியவை அழற்சியைத் தணிக்கும், செல்சாவை ஓரளவு தள்ளிப்போடும். திடீர் ஒலிக் காயத்துக்கு என்றே ஒப்புதல் பெற்றவை இல்லை என்றாலும், டாக்டர்கள் தங்கள் பொறுப்பில் பயன்படுத்துகிறார்கள். திடீர் உட்காது இழப்பு என்ற தனி நோய்க்கான அனுபவத்திலிருந்துதான் இந்த வழக்கம் வருகிறது. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் இழப்பு ஏற்பட்டால் அந்த நோய் என்று வரையறுக்கிறார்கள். அதற்கான அமெரிக்க வழிகாட்டுதல், ஸ்டீராய்டு கொடுப்பதானால் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறது; குணமாகாதவர்களுக்கு 2 முதல் 6 வாரத்துக்குள் காதுக்குள் ஊசி போடலாம் என்கிறது. இரைச்சல் காயத்தில் நடந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் பழைய பதிவேடுகளைத் திரும்பப் பார்த்தவை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு மீட்சி அதிகம் என்பதைத்தான் அவை பொதுவாகக் காட்டுகின்றன.

காதுக்குள் ஊசி என்றால் பலருக்கும் பயம் வரும், அதனால் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடலாம். செவிப்பறையை மரத்துப்போகச் செய்து, மிக மெல்லிய ஊசியால் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான மருந்தை நடுக்காதுக்குள் விடுகிறார்கள். அடிபட்ட காது மேலே இருக்கும்படி 15 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். அதுவரை எச்சில் விழுங்காமல், பேசாமல் இருக்கச் சொல்வார்கள். விழுங்கினால் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்து மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். நடுக்காதில் தங்கிய மருந்து, வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வு வழியாக உட்காதுக்குள் கசிகிறது. அந்தச் சாளரத்தை ஒட்டிய அடிப்பகுதியில்தான் மருந்து செறிவாகச் சேரும். உள்ளே போகப் போக நீர்த்துவிடும். வாய்வழி மாத்திரைக்கு வேறு தடை: மூளைக்கு இருப்பதுபோலவே ரத்தத்துக்கும் உட்காதுக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு, எல்லா மருந்தையும் அது விடாது.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகக் குணமாகும் என்பதும் இல்லை. திடீர் இழப்பு வந்தவர்களிடம் ஜெர்மனியில் நடந்த பெரிய சோதனையில், அதிக அளவு ஸ்டீராய்டு வழக்கமான அளவைவிட மேலானதாக நிரூபணமாகவில்லை. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு தனித் தொல்லை தரும். ஒருவர் தானே கடையில் வாங்கி விழுங்கும் மருந்து இது இல்லவே இல்லை.

செல் தன்னை அழித்துக்கொள்ளும் நிரலில் ஜெஎன்கே என்ற என்சைம் ஒரு முக்கியக் கண்ணி. அதைத் தடுக்கும் ஏஎம்-111 என்ற மருந்தை, பட்டாசு வெடித்துக் காது பாதிக்கப்பட்ட 11 பேரிடம் ஆரம்பத்தில் சோதித்தார்கள்; 2007-ல் வந்த அந்த முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் திடீர் இழப்பு நோயாளிகளிடம் நடந்த மூன்றாம் கட்டப் பெரிய சோதனையில், 2017-ல், அது முக்கிய இலக்கை எட்டவில்லை.

வருடங்கள் கழித்து: செல்களை மறுபடி முளைக்க வைப்பது

பெரும்பாலான வாசகர்களின் கேள்வி இந்தக் கட்டத்தைப் பற்றியது. ஆலையில் வேலை பார்த்து வெகு நாள் ஆகிவிட்டது, இப்போது என்ன செய்வது என்பதே அது. அணைக்க நெருப்பு இல்லாத நிலையில் ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் ஸ்டீராய்டுக்கும் அங்கே வேலை இல்லை. புதுச் செல் வேண்டும், அல்லது அறுந்த சினாப்ஸ் மறுபடி இணைய வேண்டும்.

தாங்குசெல்களை மயிரிழைச் செல்களாக மாற்றுவது ஒரு வழி. நாட்ச் என்ற சமிக்ஞை, "நீ தாங்குசெல்லாகவே இரு" என்று அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. அதைத் தடுத்தால், இரைச்சலால் செவிடான எலிகளில் சில புதுச் செல்கள் தோன்றி ஓரளவு கேட்கும் திறன் திரும்பியது என்று 2013-ல் ஒரு குழு காட்டியது. அதே வழியில் வந்த ஒரு மருந்தை ஐரோப்பாவில் மனிதரிடம் சோதித்தார்கள். பாதுகாப்பானது என்று தெரிந்தது. கேட்கும் திறனை உயர்த்தும் முக்கிய இலக்கு நிறைவேறவில்லை. முடிவு 2024-ல் வெளியானது.

எஃப்எக்ஸ்-322 கதை இதைவிடப் பிரபலம். இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து, தாங்குசெல்களைப் பிரிந்து பெருக வைக்கும் முயற்சி. முதல் சிறிய சோதனையில் சிலருக்குச் சொற்கள் தெளிவாகப் புரியத் தொடங்கின, உலகமே எழுதியது. அடுத்த கட்டச் சோதனை 2021-ல் பலன் காட்டவில்லை. அப்போது மருந்து எடுக்காத பிளாசிபோ குழுவினருக்கும் எதிர்பாராத முன்னேற்றம் தெரிந்தது. சோதனையில் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஆசையில் சிலர் முதல் பரிசோதனையில் தங்கள் குறையைக் கூட்டிக் காட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அப்படிச் செய்தால் பிறகு மருந்தே இல்லாமலும் மதிப்பெண் உயரும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வருடக்கணக்காகப் பேச்சு புரியாமல் தவித்தவர்கள் அவர்கள். சோதனை முறையைத் திருத்தி மறுபடி நடத்தினார்கள். 2023 பிப்ரவரியில் அதுவும் தோற்றது, நிறுவனம் திட்டத்தையே கைவிட்டது.

சினாப்ஸை மறுபடி இணைக்க நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்றைக் காதுக்குள் செலுத்திய ஓடிஓ-413 சோதனையும் இதேபோலத்தான்: சிறிய குழுவில் நம்பிக்கை, 2022-ல் அடுத்த குழுவில் ஏமாற்றம்.

எலியில் ஜெயித்தது மனிதரிடம் ஏன் நிற்பதில்லை

விலங்குகளில் பலன் தந்த பொருட்களின் பட்டியல் நீளமானது. மனிதரிடம் அவை தடுமாறுவதற்குச் சில காரணங்களை அடையாளம் காண முடிகிறது.

1. ஆய்வக எலிக்கு ஒரே ஒரு முறை, அளந்த சத்தம், இரண்டு மணி நேரம். மருந்து அதற்குச் சற்று முன்போ உடனே பின்போ. மனிதருக்கு இருபது வருட இயந்திரச் சத்தம், அதோடு வயது, பரம்பரை, சில மருந்துகளின் பக்கவிளைவு எல்லாம் கலந்து கிடக்கின்றன.

2. தற்காலிக இழப்பு தானாகவே சரியாகிவிடும். திடீர் இழப்பு நோயில்கூட, மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையானவர்கள் சிகிச்சை இல்லாமலே ஓரளவு மீள்வதாகக் கணிக்கிறார்கள். எனவே "நான் இந்த மாத்திரை சாப்பிட்டேன், சரியாகிவிட்டது" என்ற அனுபவம் உண்மையாக இருந்தாலும் ஆதாரம் ஆகாது. பிளாசிபோ குழு இல்லாத எந்த ஆய்வும் இதே குழியில்தான் விழும்.

3. உயிரோடு இருக்கும் மனிதரின் காக்ளியாவிலிருந்து ஒரு செல்லைக்கூட எடுத்துப் பார்க்க முடியாது. எந்தச் செல் செத்தது, எது பிழைத்தது என்று தெரியாமலே, எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சினாப்ஸ் மருந்து சினாப்ஸ் போனவருக்குத்தான் உதவும். அவர் யார் என்று பிரித்தறிய உறுதியான பரிசோதனை இன்னும் இல்லை.

இந்த மூன்றாவது முடிச்சு அவிழாத வரை நல்ல மருந்துகூடத் தவறான ஆட்களிடம் போய்த் தோற்கலாம். புது மருந்துகளைவிட அவசரம், சரியாக அளக்கும் முறை என்றே தோன்றுகிறது.

தேடல் நிற்கவில்லை. 2024-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரைச்சலுக்குப் பிறகு எலிகளின் உட்காதில் துத்தநாகம் கட்டவிழ்ந்து பரவி, செல்களுக்கிடையேயான தொடர்பைக் குலைக்கிறது என்று கண்டார்கள். அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துவைக்கும் சேர்மம் கொடுத்த எலிகளுக்குச் சேதம் குறைந்தது. இதை வைத்துத் துத்தநாக மாத்திரை வாங்குவது தலைகீழான முடிவு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

செய்திகளில் கலந்துபோகும் வேறு இரண்டு

குழந்தைகளுக்குக் காது கேட்க வைத்த மரபணு சிகிச்சை, ஓடாஃப் என்ற மரபணுவின் குறைபாட்டுக்கானது. சீனாவில் 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கும் திறன் கிடைத்ததை 2024-ல் லான்செட் வெளியிட்டது. அந்தக் குழந்தைகளின் மயிரிழைச் செல்கள் உயிரோடு இருந்தன, ஒரு புரதம் மட்டும் இல்லை. இரைச்சலில் செல்லே போய்விடுகிறது. இரண்டும் வேறு வேறு.

இன்னொன்று சோடியம் தயோசல்ஃபேட். 2022-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது, சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தால் குழந்தைகளின் காது கெடாமல் காக்கத் தரப்படுவது. இரைச்சலுக்கு இல்லை.

சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தால்

பலத்த சத்தத்துக்குப் பிறகு மந்தமும் காதுக்குள் "ஙொய்" என்ற இரைச்சலும் வந்தால், முதல் வேலை மேலும் சத்தத்திலிருந்து விலகியிருப்பது. அடிபட்ட செல்களுக்கு அந்த நாட்களில் ஓய்வு தேவை. வெடிச்சத்தத்துக்குப் பிறகோ, ஒரே காதிலோ, தலைசுற்றலோடோ வந்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி ஒரு நாள் தாண்டியும் தெளியவில்லை என்றால் காத்திருக்காமல் ஆடியோகிராம் எடுத்துவிட வேண்டும். சத்தம் எந்த மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு அருகில் என்று குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு முடிவெடுக்க உதவும்.

சளி அடைப்பு, காது மெழுகு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இரண்டு வாரத்தை இழப்பவர்கள் நிறைய. ஒரு காதில் மட்டும் மந்தம் என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று தாழ்ந்த குரலில் முனக வேண்டும். மந்தமான காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் மெழுகோ சளியோ. நல்ல காதில் பலமாகக் கேட்டால் சிக்கல் உட்காதில் இருக்கலாம். டாக்டர் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே விதிப்படிதான். இரண்டு காதும் ஒரே அளவு பாதிக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது; அப்போது ஆடியோகிராம் ஒன்றுதான் வழி.